நாலு வெள்ளை ட்யூப்

அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தது, அவள் வேலை பார்க்கும் பல்செட் கூடத்து ஆட்கள். பல் செய்கிற அக்கா, அவ்வளவுதான். பல்லக்கில் ஏற்றி யாரும் அவளைச் சுமந்ததில்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்வதும் அதற்கு நிறம் பொருத்துவதும் அவள் வேலை. பல் என்றால் வெள்ளைதானே, இதில் பொருத்த என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. ஒரு வெள்ளையில் மஞ்சள் ஓடும், ஒரு வெள்ளையில் சாம்பல் ஓடும், டீ குடிக்கிறவர் வெள்ளை வேறு, வெற்றிலை போடுகிறவர் வெள்ளை வேறு. இதற்கென்றே ஒரு பட்டையில் வரிசையாகச் செருகிய மாதிரிப் பற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வாய்க்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, எது கலந்து காணாமல் போகிறதோ அதுதான் சரியான நிறம். அதையும் கண்ட விளக்கில் பார்க்கக் கூடாது. பகல் வெளிச்சம் போலவே எரிகிற வெள்ளை ட்யூப் ஒன்று அவள் மேசைக்கு மேலே இருக்கிறது. அதை அவள் கோயில் விளக்கு மாதிரி துடைத்து வைத்திருப்பாள்.

இப்படி ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்கு மேல்வரிசையில், முன்பல்லுக்கு அடுத்த பல் இல்லை. ஆடிக்கொண்டிருந்தது ஒருநாள் கையோடு வந்துவிட்டது. நம் கையில் இருக்கிற வேலைதானே, செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான். கூடத்தில் எப்போதும் தூள் பறக்கும் என்பதால் பகல் முழுக்க முகக்கவசம், வெளியே போனாலும் அதைக் கழற்றுவதில்லை. வீட்டில் அவள் ஒருத்தி. ஆக, அந்த ஓட்டை இருப்பது அவளைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

ஒரு ஜீவனுக்கும் என்று சொன்னால் தொட்டியில் இருப்பவை கோபித்துக்கொள்ளலாம். ஹாலில், சோபா இருக்க வேண்டிய இடத்தில், கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு மீன். மற்றபடி எல்லாம் பவளம். பவளம் என்றதும் மாலையில் கோக்கிற மணி என்று நினைத்துவிடாதீர்கள். உயிருள்ளது, தண்ணீரில் அசையும், தொட்டால் சுருங்கும். அதில் பெரியது, கிளை நுனியெல்லாம் குட்டிக் குட்டிச் சுத்தியல் போல முடிகிற ஒன்று. சுத்தியல் பவளம் என்றே பெயர்.

தொட்டி தம்பியுடையது. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவள்தான் வளர்த்தாள். அவளுக்கும் வரன்கள் வந்தன. தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தபோது வரன்களும் முடிந்திருந்தன. வேலைக்குப் போனதும் அவன் வாங்கிய முதல் பொருள் இந்தத் தொட்டி. பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். சுத்தியல் பவளத்தில் ஒரு நுனி வாடினால் அவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். பிறகு கடல் தாண்டி, ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. "ஆறு மாசம் பாத்துக்கக்கா, வந்துர்றேன்" என்று போனான். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் சாயந்திரம் கூப்பிடுவான். வீடியோவில்தான். "அக்கா, காட்டு" என்பான். அவள் திரைச்சீலையை இழுத்து, ஹால் விளக்கை அணைத்துவிடுவாள். இல்லாவிட்டால் கண்ணாடியில் அறையெல்லாம் எதிரொளிக்கும். பிறகு போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நகர்ந்தபடி சொல்லிக்கொண்டே போவாள். இது நல்லா விரிஞ்சிருக்குடா. இது நேத்துலேருந்து கொஞ்சம் கோபமா இருக்கு. உன் மீன் என் விரலக் கடிக்க வருதுடா. வாரம் முழுக்கப் பத்து வாக்கியம் பேசாதவள், அன்றைக்கு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவாள். அவன் ம் கொட்டுவான். ஆறு நாளும் அவள் அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் ஓட்டினாள்.

ஒருமுறை அவன், "கஷ்டமா இருந்தா யாருக்காச்சும் குடுத்துடுக்கா" என்று சொல்லிவிட்டான். தொட்டி போனால் ஞாயிற்றுக்கிழமை போகும். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத அக்காவிடம் அவன் எதற்குக் கூப்பிடுவான்? "எனக்கென்னடா கஷ்டம்" என்றாள். அதிலிருந்து தொட்டியில் என்ன கோளாறு வந்தாலும் அவனிடம் மூச்சு விடுவதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிறு அவன், "என்னக்கா, எல்லாம் ஒரே நீலமாத் தெரியுது. ஒண்ணும் புரியல" என்றான்.

தொட்டிக்கு மேலே மூடி போல ஒரு பெட்டி. அதில் நாலு ட்யூப். இரண்டு வெள்ளை, இரண்டு நீலம். எல்லாம் அவன் மாட்டிவிட்டுப் போனவை. நேரில் பார்த்தால் அந்த நீலத்தில் பவளமெல்லாம் உள்ளிருந்தே ஒளிர்வது போல இருக்கும். போனில் பார்த்தால் சாயப் பட்டறைத் தொட்டிதான். வெள்ளை ட்யூப்கள் இத்தனை நாள் எரிந்ததில் மங்கிப்போய், நீலம் தூக்கலாகிவிட்டது போல. அவன் சொன்னதில் அவளுக்கு அன்று ராத்திரிச் சோறு ருசிக்கவில்லை. ஒன்றும் புரியவில்லை என்பவன் எத்தனை வாரம் பார்ப்பான்?

மறுநாள் வேலை முடிந்து மீன்தொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரி குண்டு உடம்பும் கூர் நாக்குமாக, வலையால் மீன் பிடித்துக்கொண்டே வியாபாரம் பேசுகிறவள்.

"ட்யூப்பா? மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"தம்பி போனதுலேருந்து மாத்தல."

"அப்ப அது எரியுது, அவ்வளவுதான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதுக்கா. தினம் துளித்துளியாக் கொறையும், நம்ம கண்ணும் கூடவே பழகிரும். பவளத்துக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு வெள்ளை, ரெண்டு நீலம் எடுத்துக்கங்க. ஆனா ஒரே நாள்ல மாத்திராதீங்க. ஒண்ண மாட்டுங்க, ரெண்டு வாரம் விடுங்க, அப்புறம் அடுத்தது."

"நீலம் வேண்டாம். நாலும் வெள்ளையே குடுங்க. பகல் வெளிச்சம் மாதிரி வருமே, அது."

கடைக்காரி வலையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். "எதுக்கு?"

"நிறம் சரியாத் தெரியும்."

"யாருக்குத் தெரியணும்?"

"தம்பிக்கு. வாராவாரம் போன்ல பாக்கறான்" என்றாள் பல்லக்கா வெடுக்கென்று. முப்பது வருஷமாக நிறம் பார்க்கிறவளுக்கு மீன் விற்கிறவள் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று ஒரு கடுப்பு. அங்கேதான் அவள் சறுக்கினாள். வெளிச்சம் என்பது பார்ப்பதற்கு என்று அவளுக்குத் தெரியும். அது தின்பதற்கும் என்று தெரியாது.

நாலையும் ஒரே மாலையில் மாட்டினாள். பழைய ட்யூப்களைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எதையும் சட்டென்று தூக்கிப் போடுகிற கை இல்லை அது. சுவிட்சைப் போட்டதும் ஹாலே கண் கூசியது. மீன் ஓடிப்போய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மீனுக்காவது புத்தி இருந்தது.

அந்த ஞாயிறு அவன், "இப்ப பளிச்சுன்னு இருக்குக்கா" என்றான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் சுத்தியல் பவளம் நிறம் மாறத் தொடங்கியது. அதுவரை பழுப்பும் பச்சையுமாக இருந்தது, இளம் மஞ்சளாக வெளுத்தது. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கூடத்திலிருந்து மாதிரிப் பல் பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். முதலில் வெற்றிலைக்காரர் நிறம். இரண்டு நாளில் டீக்காரர் நிறம். வார முடிவில், பட்டையிலேயே ஆக வெள்ளையான முதல் எண். பல்லை இந்த நிறத்துக்குக் கொண்டுவர டாக்டர்கள் என்ன பாடு படுகிறார்கள்! இங்கே நாலு ட்யூப் போட்டதும் தானாக வந்துவிட்டது. அழுக்குப் போய்விட்டது என்றே நினைத்தாள்.

ஞாயிறு போனைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். "பாத்தியாடா, எப்படி வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு."

"ஆமாக்கா," என்றான். "அழகா இருக்கு."

அந்த 'அழகா இருக்கு' அவளுக்கு மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் சுத்தியல்கள் விரியவே இல்லை. அதற்கடுத்த நாள் ஒரு கிளையில் சதை நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. உள்ளேயிருந்த கல் எலும்பு, ஈறு கரைந்த பல் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. லீவு சொல்லிவிட்டு, பவளத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

கடைக்காரி படத்தை ஒரு கணம்தான் பார்த்தாள். "நாலும் ஒரே நாள்லயா?"

"ம்."

"நான் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேனே. லைட்டுதான்க்கா அதுக்குச் சோறு. இத்தன நாள் அரைவயித்துக் கஞ்சியில பழகினதுக்கு ஒரே வேளையில அண்டாவக் கவுத்தா என்ன ஆகும்? அதோட நிறமே அதுக்குள்ள குடியிருக்கற பாசிதான். அந்தப் பாசிதான் அதுக்குச் சமைச்சுப் போடுது. வெளிச்சம் தாங்காம அதைத் துப்பிருச்சு. வெள்ளையானா நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. பட்டினின்னு அர்த்தம்."

"எனக்குத் தெரியலயே."

"பவளம் வளக்கறவங்களுக்கு அரிச்சுவடியே இதுதான். வெளுத்தா ஆபத்துன்னு யாரக் கேட்டாலும் சொல்வாங்க. உங்க தம்பி வாராவாரம் பாக்கறாருன்னு சொன்னீங்க, அவரு சொல்லலயா?"

பல்லக்கா வாயைத் திறந்தாள். முகக்கவசத்துக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நுனி வாடினால் சோறு இறங்காத தம்பி. முழுப் பவளமும் வெளுத்து நின்றதைக் கண்ணுக்கு நேரே காட்டினாள். அழகா இருக்கு என்றான். அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அப்படியானால் அவன் பார்க்கவில்லை. அன்று மட்டும் பார்க்கவில்லையா, என்றைக்குமே பார்க்கவில்லையா? அவள் விளக்கை அணைத்துவிட்டு, கை வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத இடத்துக்கு அரை மணி நேரம் கதை சொல்லியிருக்கிறாள். கடையில் நின்றபடியே அவளுக்கு அழுகை வந்தது. கடைக்காரி பவளத்துக்காக என்று நினைத்துக்கொண்டு குரலை இறக்கினாள்.

"பழைய ட்யூப்பத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. கட்டிலுக்கடியில இருக்கு."

"நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம். அதுல நீலம் ரெண்டு மட்டும் மாட்டுங்க. அதையும் நாளுக்குக் கொஞ்ச நேரம் போட்டா போதும். செத்த கிளைய உடைச்சு எடுத்துருங்க. மிச்சம் பொழச்சா பாக்கியம். தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க."

ஞாயிறு வந்தது. அன்றைய நேரம் முடிந்து தொட்டி விளக்கு அணைந்திருந்தது. வழக்கம்போல ஹால் விளக்கும் இல்லை. போன் அடித்தது.

"அக்கா, காட்டு."

"இன்னிக்கு லைட் போடக் கூடாது."

"சரிக்கா. அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தொட்டியைத் தவிர அவனிடம் பேசி நெடுநாள் ஆகிவிட்டது. இருட்டில் போனைப் பிடித்தபடி நின்றாள்.

"போன வாரம் வெள்ளையா இருந்துச்சே," என்றாள். "அழகா இருக்குன்னு சொன்னியே."

"ஆமா."

"வெள்ளையானா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதாடா?"

அந்தப் பக்கம் எதுவோ கீழே வைக்கப்படும் சத்தம்.

"செத்துருச்சாக்கா?"

"பாதி."

"அக்கா..."

"நீ பாக்கறதே இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நெட்வொர்க் சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. "போனச் சாச்சு வெச்சுட்டு அடுத்த வாரத்துக்குச் சட்டை தேச்சுட்டிருப்பேன்க்கா, எப்பவாச்சும் ஒருதரம் ஏறிட்டுப் பாக்கறதோட சரி," என்றான். "எனக்கு அந்தப் பைத்தியம் எப்பவோ போயிருச்சு. அந்தக் குளுர்ல நின்னுட்டு வந்தா ஒண்ணுத்து மேலயும் மனசு போகல. ஆனா காட்டுன்னு சொன்னாத்தான் நீ பேசற. எப்படி இருக்கேன்னு கேட்டா 'எனக்கென்ன'ங்கற. சாப்டியான்னு கேட்டா 'ஆச்சு'ங்கற. தொட்டின்னா மட்டும்தான் உன் குரல் கேக்குது. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பாக்கலதான். ஆனா கேட்டுட்டிருந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால் இரண்டும்தான். கேட்டானாமே. கேட்டால் போதுமா? இவள் மட்டும் என்ன, அவனைக் கேட்டாளா? அவன் வேலையிடம் அவ்வளவு குளிர் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது.

"அக்கா, உன் மூஞ்சியக் காட்டு."

"எதுக்குடா."

"காட்டு."

சுவரைத் தடவி ஹால் விளக்கின் சுவிட்சைப் போட்டாள். அந்த ட்யூப்பின் இரண்டு முனையும் கறுத்துப்போய் எத்தனையோ காலம். மீனுக்கும் பவளத்துக்கும் நாலு ட்யூப் வாங்கியவள் தன் தலைக்கு மேலே எரிவதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அது மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. போனைத் தன் பக்கம் திருப்பினாள். திரையின் மூலையில் தன் முகம் வந்து வந்து போனது. முழுக்க நரைத்த ஒரு பெண்.

"அக்கா," என்றான் தம்பி. "வாயத் திற. பல்லு எங்க?"

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். "விழுந்துருச்சு."

"எப்ப?"

"அதாச்சு கொஞ்ச நாள்."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உச்சியில் முடி கொட்டி வட்டமாகச் சொட்டை விழுந்திருந்ததை அவள் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் பக்கத்துப் படத்தை அவளும்தான் பார்த்ததில்லை. போனின் முகம் எப்போதும் தொட்டியைப் பார்த்திருந்தது. பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். நகைச்சுவை எடுபடவில்லை. ஆனாலும் அவள் சிரித்துவைத்தாள். அதற்குள் விளக்கு மொத்தமாக அணைந்தது.

அடுத்த நாள் அவள் எலெக்ட்ரிக் கடைக்குப் போய் ஹாலுக்கு ஒரு ட்யூப் கேட்டாள். கடைக்காரர் வெள்ளையா, மஞ்சளா, எவ்வளவு வெளிச்சம் வேண்டும், ஹால் எவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொண்டே போனார்.

"ஆள் மூஞ்சி தெரியணும்," என்றாள். "அது போதும்."

ஸ்டூல் போட்டு ஏறி அவளே மாட்டினாள். தொட்டியில் சுத்தியல் பவளத்தின் ஒரு கிளை மிஞ்சியிருந்தது. அதன் அடியில் பழுப்பு திரும்பிவிட்டதா இல்லையா என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிட்டபோது காட்டு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கடமாகத்தான் இருந்தது. அவள் கைப்பையிலிருந்து பட்டையை எடுத்தாள். தன் பல்லுக்குத் தானே நிறம் பார்க்க முடியாது. கண்ணாடியில் பார்த்தால் நம் கண் நமக்கு வேண்டியதைத்தான் சொல்லும். இதற்கு இன்னொருவர் கண் வேண்டும். கூடத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அவள் கூப்பிடவில்லை.

இரண்டு மாதிரிப் பற்களை உருவி, உதட்டைத் தூக்கி, ஓட்டைக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தாள். "எது சரியா இருக்குன்னு சொல்லு. நல்லாப் பாத்துச் சொல்லணும்."

"கொஞ்சம் திரும்பு," என்றான். திரும்பினாள். "லைட்டுப் பக்கம். இன்னும் கிட்ட வா." வந்தாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையை நெருங்கினான். அவன் கையில் சட்டை இல்லை, தேய்ப்புப் பெட்டி இல்லை. "மறுபடி மொதல்ல இருந்துதே, அதக் காட்டு. ம். அடுத்தது. இல்ல, மொதல்ல இருந்தது." கொஞ்சம் யோசித்தான். "ஆமாக்கா. அதுதான்."

அது தப்பு. அவள் பற்களுக்கு அது ஒரு படி அதிக வெள்ளை. போனில் நிறம் பார்த்தால் அப்படித்தான் வரும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். வேறு யாருக்காவது இந்த நிறத்தில் பல் போயிருந்தால், திருப்பி வாங்கி உடைத்துவிட்டு மறுபடி செய்திருப்பாள்.

அந்த வாரம், தம்பி பார்த்துச் சொன்ன அந்த எண்ணிலேயே பல் செய்து மாட்டிக்கொண்டாள். சிரித்தால் அது ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது.